கருவேலங்காட்டுக் கேரவன்

என் வீட்டுக்காரர் முனியராஜ் வைப்பாற்றை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்ற எடுத்துவைப்பது வழக்கம். எங்கள் ஊரில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. அந்த ஒரே காரணத்தால்தான் அன்றைக்கு அவர் தலை நனையாமல் தப்பித்தது.

"ஆத்தை வாடகைக்கு விட அது என்ன ஒங்க அப்பா வீட்டு ஆறா?"

"ஆத்தை இல்ல புள்ள. ஆத்தங்கரையில தங்குறதுக்கு."

"யாரு தங்குவா?"

"டூரிஸ்ட்டு."

அவர் வேன் ஓட்டுகிறவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் இருக்கிற வெடிக் கம்பெனிக்கு எங்கள் ஊர்ப் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. சரம் பின்னுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னாலும் அவர் வேனில்தான் போனேன். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரச் சீட்டு. அங்கே உட்கார்ந்து, முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவர் முழியைப் பார்த்து ஏமாந்ததில்தான் இன்றைக்கு இந்தப் பாடு படுகிறேன்.

சித்திரை மாதம் கம்பெனியை அடைத்துவிட்டார்கள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருகிறார்களாம். சோதனை அங்கே கம்பெனிக்கு. வேதனை இங்கே எனக்கு. வேலை இல்லாத ஆண்பிள்ளை வீட்டில் இருப்பதும், திரி வைத்த வெடி வீட்டில் இருப்பதும் ஒன்றுதான். எப்போது வெடிக்கும் என்று நாம்தான் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவர் மல்லாந்து படுத்து செல்போன் பார்த்தார். பார்த்துப் பார்த்து ஒருநாள் வெடித்துவிட்டார்.

"இதப் பாரு. அமெரிக்கா. சுத்தியும் பாலைவனம், நடுவுல ஆறு. கரையில வண்டிய நிப்பாட்டி அதுக்குள்ளயே படுக்காக. அதுக்குள்ளயே ஆக்கித் திங்காக. அதுக்குக் காசும் குடுக்காக."

"வீடு வாசல் இல்லாதவுகளா, பாவம்?"

"பெரிய வீட்டுக்காரகடி."

"அப்ப பொண்டாட்டி வெரட்டி விட்டிருப்பா."

"கேரவன்டி இதுக்குப் பேரு! நம்மகிட்ட என்ன இல்லங்கற? வண்டி இருக்கு. பாலைவனம் இருக்கு."

"ஆறு?"

"அதான் வைப்பாறு இருக்குல்ல?"

"அதுல தண்ணி?"

"நீ ஆரம்பத்துலயே அபசகுனமாப் பேசு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருசா வருசம் ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நாங்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போகிறோம். ஆற்றுமணலில் சேலையைக் கட்டி நிழல் போட்டுத் தங்குகிறோம். கெடா வெட்டுகிறோம். சாப்பிட்டு உறங்கி எழுந்து வருகிறோம். அதற்கு ஆத்தா ஒரு நாளும் வாடகை கேட்டதில்லை.

"அது சாமி கும்புடுறது. இது கேம்ப்பு," என்றார்.

"மணலு ஒண்ணுதானே?"

பதில் இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆண்பிள்ளை பதில் சொல்லாமல் இருந்தால் தோற்றுவிட்டான் என்று அர்த்தமில்லை. நீ எப்போது வெளியே போவாய் என்று காத்திருக்கிறான் என்று அர்த்தம்.

அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. மகள் பிரீத்திகாவைக் கூட்டிக்கொண்டு என் அம்மா ஊரான ஆமத்தூருக்குப் போனேன். இரண்டு நாள் தங்கித் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கள்ளன் புகுந்த வீடு மாதிரி இருந்தது. கட்டில் இல்லை. கேஸ் அடுப்பு இல்லை. சிலிண்டர் இல்லை. வாளி இல்லை. கொல்லைப்பக்கம் ஓடிப் பார்த்தேன். குடிதண்ணீர் பிடித்து, துணி போட்டு மூடி, மேலே தட்டு வைத்து, தட்டின்மேல் கல்லு வைத்து நான் காபந்து பண்ணியிருந்த இரண்டு நீல டிரம்மும் இல்லை.

கட்டிலைக்கூட மன்னித்திருப்பேன்.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வழியில் எதிரே வந்த நாய் ஒதுங்கி வழிவிட்டது.

கருவேலமரங்களுக்கு நடுவில் எங்கள் வேன் நின்றது. உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை. எங்கள் கட்டிலைப் போட்டு, அதன்மேல் என் கல்யாணப் போர்வையை விரித்திருந்தார். முன்கண்ணாடியில் 'பிரீத்திகா' என்று பெரிதாக எழுதியிருந்ததைச் சுரண்டிவிட்டு 'டெசர்ட் ரிவர் கேம்ப்' என்று ஒட்டியிருந்தார். கழற்றிய சீட்டெல்லாம் மணலில் வரிசையாக, ஆற்றைப் பார்த்த மாதிரி கிடந்தன. ஆறு என்று நான் சொல்வது மணல். டிரைவருக்குப் பின்னால் இருக்கவேண்டிய அந்த ஜன்னலோரச் சீட்டின்மேல் ஒரு வெள்ளாடு படுத்து, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான்கூட அந்தச் சீட்டில் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

"வா வா! எப்படி இருக்கு?" தலையில் புதுத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். "இது சிட்டவுட்டு. சாயங்காலம் இங்கன உக்காந்து காபி குடிச்சா…"

"யப்பா, என் பேரு எங்க?" என்றாள் பிரீத்திகா, கண்ணாடியைக் காட்டி.

"அது… அழிச்சுட்டு வேற எழுதியிருக்கேன்டா தங்கம்."

பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள். நான் பிதுக்கவில்லை.

"டிரம்மு எங்க?"

"இரு, சொல்றேன். கோவப்படாதே."

"டிரம்மு எங்கங்கறேன்."

"விளம்பரத்துக்கு வீடியோ எடுத்தேன் புள்ள. ஆறுன்னா கொஞ்சமாவது தண்ணி தெரியணும்ல? அதான் மணல்ல குழி தோண்டி, தார்ப்பாய விரிச்சு…"

"விரிச்சு?"

"ஊத்துனேன்."

"ரெண்டு டிரம்மையுமா?"

"ஒரு டிரம்மு தார்ப்பாய் ஓட்டையில போயிருச்சு. அதான் ரெண்டாவது…"

மிச்சத்தை நான் சொல்லவிடவில்லை. நான் கத்திய கத்தில் ஆடு எழுந்து ஓடிவிட்டது. குழாயடியில் சண்டை போட்டு, இடுப்பு ஒடியத் தூக்கி வந்து, பிள்ளைக்குக்கூட டம்ளர் டம்ளராக அளந்து கொடுத்த தண்ணீரை இந்த மனுசன் மணலுக்கு ஊற்றி வீடியோ எடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோய், என் மாமியார் திட்டுகிற வசவையும் கடன் வாங்கித் திட்டினேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஓனருன்னா நாலு பேச்சு வாங்கத்தான் செய்யணும்," என்றார்.

அதன்பிறகு டூரிஸ்ட்டுக்காகக் காத்திருந்தோம். போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமி, "டெசர்ட் ரிவர் கேம்ப், குட்மார்னிங்," என்பார். மறுமுனையில் என் அம்மா இருப்பார். "என்ன மாப்ளே, உடம்புக்குச் சரியில்லையா?" என்பார்.

இப்படி இருக்கும்போது கம்பெனி போர்மேன் தங்கச்சாமி அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"தாயி பொன்மணி, திங்கக்கிழமை காலையில பூசை போட்டுத் தொறக்கோம். ஒம் புருசன் வேன் வருமா வராதா? போன் போட்டா இங்கிலீசுல என்னமோ சொல்லி வைக்கான். அன்னைக்கு எந்த வேன் ஆள் கொண்டாருதோ, அதுக்குத்தான் இந்த வருச ஓட்டம். உக்கிரபாண்டி இப்பமே கேட்டுல வந்து நிக்கான்."

உக்கிரபாண்டி வேனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் ஊரையே ஏற்றுவான். பிரேக் போட்டால் வண்டி நிற்காது, நம் மூச்சு நிற்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிற பெண்ணுக்கு ஒரு நிமிசம் நிற்கமாட்டான். இந்த ஓட்டம் போய்விட்டால் என் வீட்டுக்காரருக்கு வேறு ஓட்டம் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் வேறு வண்டி கிடையாது.

அவரிடம் சொன்னேன்.

"இனிமே நான் வேன் டிரைவர் இல்ல, ஓனரு," என்றார். "நீ ஓனரம்மா. ஓனரம்மா எதுக்கு வெடிக் கம்பெனிக்குப் போகணும்?"

"ஓனரம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல மாமா."

"வேலைக்குப் போய்த்தான் ஆகணும்னா, உக்கிரபாண்டி வேன்ல போ."

அந்த வார்த்தையைக் கவனியுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒருநாள் அடுத்த வேனில் ஏறிவிட்டேன் என்று மூன்று நாள் சோறு உண்ணாமல் கிடந்த மனுசன் சொன்ன வார்த்தை இது. கத்திப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். சமைக்கமாட்டேன் என்று சொல்லலாம் என்றால், அடுப்பே ஆற்றில் இருக்கிறது.

வேனில் என் பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவள் பாண்டிச்செல்வி. எல்லா நாடகமும் பார்ப்பாள். எல்லாரையும் மாதிரிப் பேசிக் காட்டுவாள். அவளிடம் போய்க் கொட்டினேன். கேட்டுவிட்டு, "அவருக்கு டூரிஸ்ட்டுதானே வேணும்?" என்றாள்.

என் பழைய செல்போன் ஒன்று மூலை உடைந்து வீட்டில் கிடந்தது. பிரீத்திகாவுக்கு விளையாட்டுச் சாமான். அதில் மணிச் சத்தத்துக்குப் பதிலாக, அவள் குரலையே அவர்தான் ஆசையாகப் பிடித்து வைத்திருந்தார். யாராவது கூப்பிட்டால், "யம்மா! போனு கத்துது!" என்று அது கத்தும். அந்தப் போனில் பாண்டிச்செல்வி ஒரு புது சிம்மைப் போட்டாள். நான் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

"டெசர்ட் ரிவர் கேம்ப், குட்மார்னிங்!"

"ஹலோ, நான் சென்னையிலேர்ந்து சுப்புலட்சுமி பேசறேங்க," என்றாள் பாண்டிச்செல்வி. எனக்கே யாரோ என்று இருந்தது. "நாங்க ஒரு லேடீஸ் குரூப். உங்க வீடியோ பார்த்தோம். தண்ணியெல்லாம் சூப்பரா இருக்கு."

"வற்றாத ஆறு மேடம்!"

நான் பல்லைக் கடித்தேன்.

"வண்டியில என்ன வசதி இருக்கு?"

"கட்டில் போட்டிருக்கு மேடம். மெத்துன்னு போர்வை."

"ஐயையோ, கட்டிலா? இருபது பேர் ஒரு கட்டில்ல எப்படிங்க? எங்களுக்கு சீட்டுதான் வேணும். ஜன்னல் வழியா பாலைவனத்தைப் பார்த்துக்கிட்டே போகணும்."

அவர் திரும்பி மணலில் கிடந்த சீட்டுகளைப் பார்ப்பது போனிலேயே எனக்குத் தெரிந்தது.

"சீட்டுதானே மேடம்? எல்லாம் ரெடியா இருக்கு மேடம்!"

"கேஸ் அடுப்பு இருக்கிற வண்டியில நாங்க ஏறமாட்டோம். பயம். டிபன் நாங்களே கொண்டுவந்துடுவோம்."

"கரெக்ட் மேடம். அடுப்பை எறக்கிருதேன்."

நான் அவள் தோளைச் சுரண்டிக் காதில் சொன்னேன்.

"அப்புறம், குடிக்கிற தண்ணி டிரம்மைக் கண்டா எங்களுக்கு அலர்ஜி. அதையெல்லாம் உங்க வீட்டுல கொண்டுபோய், நல்லா ரொப்பி, மூடி வெச்சிடுங்க."

"ரொப்பியா மேடம்?"

"ரொப்பித்தான். காலி டிரம்னா இன்னும் அலர்ஜி. கண்ணாடியில என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, அதுக்குப் பதிலா குழந்தை பேர் ஏதாவது இருந்தா குடும்பப்பாங்கா இருக்கும்."

"எம் பொண்ணு பேரு இருக்கு மேடம்!"

"டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஜன்னலோரம் இருக்குமே, அது எனக்கு."

"அது ஸ்பெசல் சீட்டு மேடம். ஒங்களுக்குன்னே வச்சிருக்கேன். வேற யாரையும் உக்காரவிட மாட்டேன்."

என் சீட்டில் ஆடு படுக்கலாம். மெட்ராஸ்காரிக்கு ஸ்பெசல். போனைப் பிடுங்கி நாலு கேட்டிருப்பேன். பாண்டிச்செல்வி என் வாயைப் பொத்திக்கொண்டே, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து, மெயின்ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்குவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் வேலை செய்த மாதிரி எங்கள் கல்யாணத்துக்குக்கூடச் செய்யவில்லை. சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி, மணலைத் தட்டி, போல்ட்டைப் போட்டு முறுக்கினார். வியர்வை ஊற்றியது. நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "வேணாம் மாமா, சீட்டு வெளியில இருந்தாத்தானே அழகு? ஆடும் பழகிருச்சு," என்றேன்.

"ஒனக்குத் தொழில் தெரியாது. சும்மா இரு."

"அப்ப கட்டிலு?"

"வீட்டுக்குத்தான் போகணும். இருபது பேரு ஒரு கட்டில்ல எப்படிடி?"

"அதானே," என்றேன்.

டிரம் இரண்டையும் பக்கத்து ஊர் வரை கொண்டுபோய், தண்ணீர் லாரிக்காரன் கையைக் காலைப் பிடித்து நிரப்பி வந்தார். மூடினார். துணி போட்டார். தட்டு வைத்தார். "கல்லு," என்றேன். கல்லும் வைத்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தொப்பி. பிரீத்திகா என் மாமியார் வீட்டு வாசலில் நின்று, வேனில் மறுபடி எழுதியிருந்த தன் பேரை எழுத்துக் கூட்டி வாசித்து டாட்டா காட்டினாள். ஊர் விலக்கில் வேனை நிறுத்தினார். நாங்கள் தூக்குச்சட்டியோடு வரிசையாக நின்றோம்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. மெட்ராஸ் பார்ட்டி எறங்குற எடம்," என்றார்.

"நிக்கோம்ணே," என்றார்கள் எல்லோரும், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு. பாண்டிச்செல்வியை மட்டும் காணோம். அவள் பஸ் நிழற்குடைக்குப் பின்னால் இருந்தாள். அவர் போன் அடித்தது.

"குட்மார்னிங் மேடம்! இங்கனதான் நிக்கேன்… என்னது? ஒறங்கிட்டீங்களா? ஏழாயிரம்பண்ணை வரைக்கும் போயிட்டீங்களா?… வெடிக் கம்பெனி கேட்டுலயா? தெரியும் மேடம், கண்ண மூடிக்கிட்டு வருவேன் மேடம். நகராதீங்க!"

"கம்பெனி கேட்டுக்கா போறீக மாமா?" என்றேன் பரிதாபமாக. "உக்கிரபாண்டி இந்தப் பக்கமே வரல. எங்களையும் அங்கன எறக்கி விட்டுருங்களேன்."

எங்களைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். "சரி, ஏறித் தொலைங்க. சீட்டை அழுக்காக்கப்புடாது. யாரும் வெத்தல போடப்புடாது."

ஏறினோம். பாண்டிச்செல்வி எங்கிருந்தோ ஓடிவந்து கடைசியாக ஏறினாள். நான் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏ, எந்திரி! அது மேடம் சீட்டு!"

"மேடம் வரட்டும். எந்திரிக்கேன்."

கண்ணாடியில் முறைத்தார். நானும் முறைத்தேன். எங்களுக்குக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது புதிதா என்ன?

கம்பெனி கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. உக்கிரபாண்டி தன் காலி வேனில் சாய்ந்துகொண்டு நின்றவன், எங்கள் வேன் நிறைந்து வருவதைப் பார்த்ததும் காறித் துப்பிவிட்டு ஏறிக் கிளம்பினான். தங்கச்சாமி அண்ணன் ஓடிவந்தார்.

"ஏலே முனியராசு! வரமாட்டியோன்னு பயந்துட்டேன்லே. மொத வேன் ஒன்னோடதுதான். இந்த வருசமும் ஓட்டம் ஒனக்குத்தான், போ!"

"இல்லண்ணே, நான் இங்கன ஒரு பார்ட்டிய ஏத்த…"

அண்ணன் காதில் வாங்கவில்லை. பூசைக்குப் போய்விட்டார்.

வெடிக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் இறங்கும்போது எல்லோரும் போனை டிரைவர் சீட்டுப் பக்கத்தில் தொங்குகிற மஞ்சப்பையில் போட்டுவிட்டு இறங்குவோம். சாயங்காலம் எடுத்துக்கொள்வோம். எத்தனையோ வருசப் பழக்கம். அன்றைக்கும் போட்டோம். அந்தப் பழைய போனும் பையில் விழுந்தது. தெரியாமல் விழுந்ததாகப் பாண்டிச்செல்வி இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போட்டது நான்.

கேட்டில் காவல்கார அக்கா, தீப்பொறிக்குப் பயந்து, எங்கள் கொண்டையில் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நான் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டேன். அவர் வேனைவிட்டு இறங்கி ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார். கருவேலமரம். அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேயும் கருவேலமரம். தொப்பியைச் சரிசெய்தார். மேடத்துக்குப் போன் போட்டார்.

வேனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"யம்மா! போனு கத்துது! யம்மா! போனு கத்துது!"

துள்ளித் திரும்பினார். "தங்கம், நீ எப்ப ஏறுன?" என்று ஓடிப்போய்ச் சீட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து பிள்ளையைத் தேடினார். அது விடாமல் கத்தியது. கடைசியில் மஞ்சப்பைக்குள் கையை விட்டார். மூலை உடைந்த போன் வெளியே வந்தது. 'மாமா' என்று அதில் பேர் மின்னியது. ஒரு கையில் அவர் போன், ஒரு கையில் மேடம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் கொண்டையை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏ… பொன்மணி…" என்று வாயைத் திறந்தார்.

"ஏலே முனியராசு!" பூசைத் தட்டோடு வந்த தங்கச்சாமி அண்ணன் அங்கிருந்தே அதட்டினார். "கேட்டுக்கிட்ட நின்னு போன் பேசப்புடாதுன்னு டிரைவருக்கே தெரியாதா? பையில போடுலே!"

போட்டார். அதன்மேலேயே தொப்பியையும் கழற்றிப் போட்டார்.